கட்டு எங்கே விழும்?

நஞ்சப்பனுக்கு இயக்கம் என்றால் என்னவென்று தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க மூன்று அறிஞர்களும் ஒரு ஜீப்பும் ஒன்பது நாட்களும் தேவைப்பட்டன. அது எழுபத்துநாலாம் வருஷம், தை மாதம். கிழக்குப் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் நாங்கள் பி.எஸ்ஸி. பௌதிகம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அதில் முப்பத்தொரு பேருக்கு இயக்கம் நன்றாகத் தெரியும் என்று கவர்மெண்டு முத்திரையோடு சான்றிதழ் கொடுத்தார்கள். என்னுடையது இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுவேன், ஆனால் நீங்கள் கேட்காமலிருந்தால் நல்லது.

முதலில் நஞ்சப்பனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் வானம் பார்த்த காடு. நிலக்கடலை போடுவார்கள். அப்பா இல்லை. அம்மாவும் தங்கை கமலாத்தாளும்தான் காட்டைப் பார்த்துக்கொண்டார்கள். கமலாத்தாள் எட்டாவது வரைக்கும் கணக்கில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே முதல். அண்ணன் காலேஜுக்குப் போவதா, தான் ஒன்பதாவது போவதா என்று வந்தபோது, "நீ போண்ணா, நான் காட்டப் பாத்துக்கறேன்" என்று தானே நின்றுகொண்டாள். அதிலிருந்து அஞ்சு வருஷமாகக் கடலைச்செடி பிடுங்குகிறாள். பக்கத்து ஹைஸ்கூல் மானேஜர், இந்த வருஷம் பி.எஸ்ஸி. முடித்து வந்தால் சயன்ஸ் வாத்தியார் வேலை நஞ்சப்பனுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த வருஷம் அந்த வாக்கு செல்லாது. அவருக்கு ஒரு மருமகன் படித்துக்கொண்டிருந்தான்.

கோயமுத்தூரிலிருந்து காலையில் பேப்பர் கட்டுகளோடு ஒரு தனியார் பஸ் எல்லையைத் தாண்டி வரும். நானும் நஞ்சப்பனும் இன்னும் பத்துப் பேரும் அதில்தான் காலேஜுக்குப் போவோம். டிரைவர் காளிச்சாமி. நடுவழியில் பஸ்ஸை நிறுத்துவது அவருக்கு மானக்கேடு. நின்றால் பின்னால் வரும் பஸ் முந்திப் போய் ஆட்களை அள்ளிவிடும். அதனால் வழியிலுள்ள டீக்கடைகளுக்கெல்லாம் பேப்பர் கட்டை ஓடுகிற பஸ்ஸிலிருந்தே போட வேண்டும். அந்த வேலை நஞ்சப்பனுடையது. அதற்காக அவனுக்கு டிக்கெட் கிடையாது.

நல்லமுத்து டீக்கடைக்குப் பன்னிரண்டு கஜம் முன்னால் ஒரு மொட்டைப் பனை உண்டு. நஞ்சப்பன் படியில் நின்றுகொண்டு, பனை தன்னைத் தாண்டும் நேரத்தில் கையை விடுவான். கட்டு பஸ்ஸோடு பஸ்ஸாகக் கொஞ்சம் பறந்து, மண்ணில் சறுக்கி, கடை வாசலில் நல்லமுத்துவின் காலடியில் போய் நிற்கும். மூன்று வருஷத்தில் ஒருதரம்கூடத் தப்பவில்லை. நல்லமுத்து ஆற்றிக்கொண்டிருக்கிற டீயை நிறுத்தாமலே குனிந்து எடுத்துக்கொள்வார்.

அந்தத் தையில்தான் சமிதி வந்தது. முழுப்பெயர் சலன போத பரிசோதனா சமிதி, அதாவது இயக்க அறிவைச் சோதிக்கும் குழு. சீமையில் யாரோ, மாணவர்களுக்கு இயக்கத்தைப் பற்றிச் சரியான புரிதல் இல்லை என்று கட்டுரை எழுதிவிட்டார்களாம். சீமை மாணவர்களுக்கே இல்லாத புரிதல் நம் மாணவர்களுக்கு இருப்பது மரியாதையாகாது என்று மேலிடத்தில் நினைத்திருக்க வேண்டும். சமிதித் தலைவர் டாக்டர் பணிக்கர். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது வெப்பத்தில். இயக்கம் அவருடைய துறை இல்லை என்பதால் நடுநிலையோடு இருப்பார் என்று தலைவராக்கினார்களாம். பதினோரு பதிப்பு வந்த பௌதிக கைடு ஒன்றை எழுதியவரும் அவர்தான். அந்த கைடு இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் பாஸ் செய்ததில்லை.

வரவேற்பு ஒன்றரை மணி நேரம் நடந்தது. தை மாதத்தில் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து மேற்கே சீறிக்கொண்டு அடிக்கும். குத்துவிளக்கு மூன்று தடவை அணைந்தது. நான்காம் தடவை, ஏற்றியதாகக் கருதிக் கைதட்டும்படி எங்களுக்குச் சொல்லப்பட்டது. தட்டினோம். பிறகு பணிக்கர் பேசினார். அவர் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன், சத்து குறையாது.

"மாணவர்களே, உங்களுக்கு இயக்கம் பற்றி ஒன்றும் தெரியாது. இது ஏற்கெனவே முடிவான விஷயம். இனி ஆராய்ச்சி செய்வதுதான் பாக்கி. முடிவு தெரியாமல் ஆராய்ச்சியில் இறங்குகிறவன் எங்கே போய்ச் சேருவான் என்று அவனுக்கே தெரியாது. இந்தச் சமிதி அப்படிப்பட்ட சமிதி அல்ல."

இருபது கேள்விகள். எல்லைப் பகுதி என்பதால் தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். ஏழாம் கேள்வி இது: சீரான வேகத்தில் ஓடும் பேருந்திலிருந்து ஒரு பொருள் கைவிடப்படுகிறது. அது தரையில் எங்கே விழும்? அ) விட்ட இடத்துக்கு நேர் கீழே. ஆ) பின்னால். இ) முன்னால். ஈ) விழாது.

கைடில் நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் 'நேர் கீழே' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. முப்பத்தொரு பேரும் 'அ' எழுதினோம். அதில் பதினோரு பேர் அன்று காலை அதே பஸ்ஸில் வந்தவர்கள், கட்டு எங்கே விழுந்தது என்று கண்ணால் பார்த்தவர்கள். எங்களுக்கு அது ஒரு நெருடலாகவே தோன்றவில்லை. நஞ்சப்பன் ஒருவன் மட்டும் 'இ' எழுதினான்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். நஞ்சப்பன் பெயருக்கு நேரே 'சலன போதம் இல்லாதவர். ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்படுகிறது' என்று சிவப்பு மையில் இருந்தது.

"ஏன்டா, ஏழாவதுக்கு 'இ'யா எழுதினே?" என்று கேட்டேன்.

"ஆமா. கட்டு முன்னாலதானே உழுகுது?"

"அது பஸ்ஸுலடா."

"கேள்வியிலயும் பஸ்ஸுன்னுதானே போட்டிருக்கு?"

"கேள்வியில இருக்கற பஸ்ஸு வேற, காளிச்சாமி ஓட்டற பஸ்ஸு வேற. இதுகூடத் தெரியாம மூணு வருஷம் என்னத்தடா படிச்சே?"

சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

நஞ்சப்பனைத் திருத்துவதற்குத் தனி வகுப்பு வைத்தார்கள். நடத்தியவர் எங்கள் பௌதிகத் துறைத் தலைவர் அமிர்தநாதன் சார். எனக்கு 'மாதிரி மாணவன்' என்று பதவி கொடுத்தார்கள். மாதிரி மாணவனின் வேலை, கேட்கும்போதெல்லாம் சரியான விடையைச் சொல்வது. முதல் நாள் சார் மேசைமேல் கையை நீட்டி ஒரு சாக்பீஸைப் போட்டார்.

"எங்கே விழுந்தது?"

"நேர் கீழே சார்" என்றேன்.

"மேசை நிக்குதுங்களே சார்" என்றான் நஞ்சப்பன்.

மறுநாள் லேபில் சக்கரம் வைத்த வண்டி ஒன்றில் என்னை ஏற்றி, பியூனைத் தள்ளச் சொன்னார்கள். நான் ஓடுகிற வண்டியிலிருந்து சாக்பீஸைத் தரையில் போட்டேன். போட்ட இடத்தைத் தாண்டி ஒரு முழம் முன்னால் போய் அது உடைந்தது.

"எங்கே விழுந்தது?"

நான் கைடைப் பார்த்தேன். "நேர் கீழே சார்."

அமிர்தநாதன் சார் உடைந்த சாக்பீஸைக் குனிந்து பொறுக்கினார். பிறகு பியூனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நஞ்சப்பா, நீ எழுதினதுதான் சரி. நியூட்டன் உன் பக்கம்தான். ஆனா நியூட்டன் ஹால் டிக்கெட்டுல கையெழுத்துப் போட மாட்டார்."

"அப்ப நீங்களாவது அவங்ககிட்டச் சொல்லலாமுங்களே சார்?"

"சொன்னேன். பத்தாம் பதிப்பு வந்தப்பவே நாற்பத்துமூணாம் பக்கம் தப்புன்னு விவரமா லெட்டர் எழுதினேன். பதினோராம் பதிப்புல அதுக்கு நடவடிக்கை எடுத்திருக்காங்க."

"திருத்தீட்டாங்களா சார்?"

"நன்றியுரையில என் பேரைச் சேர்த்திருக்காங்க" என்றார் சார்.

நஞ்சப்பனுக்கு அப்போதும் புத்தி வரவில்லை. நேரில் பார்த்தால் யாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நம்பினான். 'தாங்கள் ஒருநாள் எங்கள் பஸ்ஸில் வந்து கட்டு விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுகிறேன்' என்று சமிதிக்கு மனு எழுதினான். இப்படிப்பட்ட மனுவைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். ஆனால் சமிதியின் அறிக்கைப் படிவத்தில் 'களப்பணி' என்று ஒரு பக்கம் காலியாகக் கிடந்ததாம். அதை நிரப்ப வேறு வழி தெரியாமல் ஒத்துக்கொண்டார்கள்.

அவர்கள் பஸ் ஏறிய அன்று வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை. ரோடெல்லாம் எருமையும் காளையுமாக இருந்தது. பணிக்கர் பஸ்ஸின் முன்சீட்டில் தோளில் நேரியல் துண்டோடு உட்கார்ந்தார். சமிதிச் செயலாளர் கையில் நீள டேப்பும் கட்டுக்கட்டாகப் படிவங்களும் வைத்திருந்தார். மூன்றாவது உறுப்பினர் தூங்கினார். அவர் ஒன்பது நாளும் தூங்கியதால் அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பஸ் வேகம் பிடித்ததும் செயலாளர் ஒரு படிவத்தைக் காளிச்சாமியிடம் நீட்டினார். பேருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று டிரைவர் சான்றளிக்க வேண்டுமாம்.

"ஏனுங்க, வண்டி ஓடீட்டிருக்கறப்ப எப்படீங்க கையெழுத்துப் போடறது?" என்றார் காளிச்சாமி.

அதனால் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று கையெழுத்து வாங்கினார்கள். அந்த இடைவெளியில் பின்னால் வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. காளிச்சாமி ஜன்னல் வழியே துப்பினார்.

மொட்டைப் பனை வந்தது. நஞ்சப்பன் கட்டை வெளியே நீட்டினான். "இங்கே இல்லை" என்று தடுத்தார் பணிக்கர். "கடை எங்கே இருக்கிறதோ அதற்கு நேரே விடு. பொருள் நேர் கீழே விழும். கடையில் விழும்."

"கடைக்கு நேரா உட்டா கடையில உழுகாதுங்க."

"இதைத்தான் அறியாமை என்கிறோம்."

கடைக்கு நேரே கையை விட்டான். கட்டு நல்லமுத்துவின் மூக்குக்கு முன்னால் பறந்து, பன்னிரண்டு கஜம் தள்ளிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு எருமையின் முதுகில் விழுந்தது. எருமை வாலைத் தூக்கிக்கொண்டு பருத்திக் காட்டுக்குள் இறங்கியது. எருமைக்காரன் எங்கள் எல்லோருடைய தாயாரையும் விசாரித்தான்.

பணிக்கர் கலங்கவில்லை. "காற்று" என்றார். "கிழக்கிலிருந்து பலமாக அடிக்கிறது. பஸ்ஸும் மேற்கே போகிறது. காற்று கட்டைத் தள்ளிவிட்டது." செயலாளர் எழுதிக்கொண்டார்.

அது நியாயமான பேச்சு மாதிரித்தான் இருந்தது. நஞ்சப்பனே ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, "அப்படீன்னா திரும்பி வர்றப்ப ஒருதரம் பாத்துருலாமுங்களா?" என்று கேட்டான்.

பஸ் கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பியது. இப்போது கிழக்கே பார்த்து ஓடியது. காற்று எதிரே மூஞ்சியில் மண்ணை வாரி அடித்தது. கடைக்கு நேராகவே இன்னொரு கட்டை விட்டான் நஞ்சப்பன். அது காற்றை எதிர்த்துக்கொண்டு முன்னால் பறந்து மொட்டைப் பனையின் தூரில் போய் நின்றது. பஸ்ஸில் எல்லோரும் பணிக்கரைப் பார்த்தார்கள்.

அவர் கையை வெளியே நீட்டிப் பார்த்தார். தோளிலிருந்த நேரியல் மேற்கே பார்த்துப் படபடத்து அவர் முகத்திலேயே அடித்தது. அதை விலக்கிக்கொண்டு, "காற்று திரும்பிவிட்டது" என்றார்.

"இல்லீங்களே, எதுக்கத்தானுங்களே அடிக்குது" என்றார் காளிச்சாமி.

"நீங்கள் வண்டியைப் பாருங்கள். காற்றைச் சமிதி பார்த்துக்கொள்ளும்."

செயலாளர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'இப்பகுதியில் காற்று பேருந்து செல்லும் திசையைப் பின்பற்றி அடிக்கிறது. இது குறித்துத் தனிச் சமிதி அமைப்பது நல்லது.'

பணிக்கர் டீ குடிக்க விரும்பினார். தலைவர் ஆயிற்றே என்று காளிச்சாமி முதல்தடவையாக நல்லமுத்து கடையைத் தாண்டி பிரேக்கில் கால் வைத்தார். பஸ் நிற்பதற்குள் பணிக்கர் படிக்கு வந்துவிட்டார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கினால் பஸ் போகிற பக்கமே நாலடி ஓட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். "முன்னால ஓடுங்க சார்! ஓடுங்க!" என்று பஸ்ஸே கத்தியது. நாற்பத்துமூன்றாம் பக்கத்தை எழுதியவர் ஓடுவாரா? காலை நேர் கீழே வைத்து, விறைப்பாக, மரியாதையோடு இறங்கினார்.

முகம் குப்புற விழுந்தார். முன்னால்தான் விழுந்தார்.

நல்லமுத்து ஓடி வந்து தூக்கி, ஒரு பிடி காப்பித்தூளை எடுத்து ரத்தம் வந்த மூக்கில் அப்பினார். நஞ்சப்பன்தான் அவருடைய கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அவர் காலை வைத்த இடத்திலிருந்து ஒரு கஜம் முன்னால் கிடந்தது. அவ்வளவுதான், இனி ஒத்துக்கொள்வார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நானே நினைத்தேன்.

மறுநாள் கல்லூரி ஹாலில் கூட்டம். பணிக்கர் மூக்கில் பிளாஸ்திரியோடு எழுந்தார்.

"நேற்று நான் விழுந்தேன். அது என் சொந்த விஷயம். விழுந்த திசை குறித்துச் சமிதி கருத்து எதுவும் சொல்லாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு கட்டு ஒரு நாள் தவறான இடத்தில் விழலாம். ஒரு மனிதனும் விழலாம். ஆனால் நாற்பதாயிரம் மாணவர்கள் இருபது வருஷமாக எழுதி மார்க் வாங்கிய ஒரு விடை எப்படித் தவறாகும்? அது தவறென்றால் அவர்கள் வாங்கிய பட்டம் என்ன ஆவது? அவர்களில் பலர் இன்று பேராசிரியர்கள். உங்கள் விடைத்தாளைத் திருத்துகிறவர்கள் அவர்களே. நான் உண்மைக்காக வாதாடவில்லை, மாணவர்களே. உங்கள் எதிர்காலத்துக்காக வாதாடுகிறேன்."

அமிர்தநாதன் சார் முதலில் கைதட்டினார். அவருக்குப் பின்னால் நாங்கள். நஞ்சப்பன் அதே ஏழாம் கேள்வியை மறுநாள் சமிதி முன்னால் மறுபடி எழுத வேண்டும் என்றும், சரியாக எழுதினால் ஹால் டிக்கெட் என்றும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் தீர்ப்பாயிற்று.

அன்று சாயங்காலம் அவனோடு அவன் வீட்டுக்குப் போனேன். மாதிரி மாணவனின் கடமைகளில் அதுவும் ஒன்று. கமலாத்தாள் களத்தில் கடலைக்காயைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். நஞ்சப்பன் எல்லாவற்றையும் சொன்னான்.

"'அ'ன்னா என்ன, 'இ'ன்னா என்னண்ணா?" என்று கேட்டாள்.

"'அ'ன்னா நேர் கீழ. 'இ'ன்னா முன்னால."

"கட்டு 'இ'லதானே உழுகுது?"

"ஆமா."

"அப்ப 'அ'ன்னு எழுதச் சொல்றாங்களா?"

"ஆமா கண்ணு."

அவள் கடலையை முறத்தில் அள்ளினாள். "நீ படிச்சா நமக்கு நாலு வெவரம் தெரியும்னுதான் நான் எட்டாவதோட நின்னேன். எனக்கே தெரிஞ்சத உனக்குத் தெரியாதுங்கறாங்க." பிறகு முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எழுதிரு. அஞ்சு வருஷம் நான் காட்டுல நின்னது ஒரு எழுத்துக்காக வீணாப் போக வேண்டாம். எழுதிப்போட்டு வா. ஆனா நம்பீராத."

நஞ்சப்பன் என் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அந்த இடத்தில் நிற்க வெட்கமாக இருந்தது. என் சான்றிதழைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அந்த வெட்கம்தான்.

மறுநாள் 'அ' எழுதினான். சமிதி எழுந்து நின்று கைதட்டியது. தூங்கிய உறுப்பினரும் எழுந்தார். அவனுக்கு நடுவில் நாற்காலி போட்டுப் போட்டோ எடுத்தார்கள். 'மாணவரிடமிருந்த தவறான கருத்து ஒன்பது நாளில் முற்றிலும் நீக்கப்பட்டது' என்று அறிக்கை போயிற்று.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விடையில் இருக்கும் போதம் நடத்தையிலும் இருக்க வேண்டும் என்று பணிக்கர் ஒரு நிபந்தனை வைத்தார். பரீட்சை முடிவு வரும்வரை நஞ்சப்பன் தினமும் கட்டைக் கடைக்கு நேரேதான் விட வேண்டும், தவறினால் முடிவு நிறுத்திவைக்கப்படும். இதற்காக ரோட்டில் கடைக்கு நேரே வெள்ளைக் கோடு போட்டார்கள். கண்காணிக்கச் சலன நிரீட்சகர் என்று ஒருவரைத் திருவனந்தபுரத்துப் பக்கமிருந்து போட்டார்கள். தமிழ் தெரியாத நல்ல மனிதர். முக்காலி, குடை, ரிஜிஸ்டர் சகிதம் காலையில் கோட்டருகே வந்து உட்காருவார். ரிஜிஸ்டரில் 'கட்டு விழுந்த இடம்' என்ற பத்தியில் 'நேர் கீழே' என்று ஒவ்வொரு வரியிலும் மலையாளத்திலும் தமிழிலும் முன்கூட்டியே அச்சடித்திருந்தது. அவர் தேதி போட்டால் போதும்.

நஞ்சப்பன் கோட்டில் கையை விட்டான். கட்டு பன்னிரண்டு கஜம் தள்ளி விழுந்தது. நிரீட்சகர் தேதி போட்டார். நல்லமுத்து ஒரு வாரம் நடந்து போய் எடுத்து வந்தார். எட்டாம் நாள் சலித்துப்போய், கீற்றும் கம்பும்தானே என்று கடையையே பிரித்துப் பன்னிரண்டு கஜம் தள்ளிக் கட்டிக்கொண்டார். கட்டு மறுபடி அவர் காலடியில் வந்து விழுந்தது. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் நிரீட்சகருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கோடு கடைக்கு நேரே இருக்க வேண்டும் என்பதுதானே உத்தரவு? மேலே எழுதிக் கேட்டார். ஆட்கள் வந்து பழைய கோட்டை அழித்துப் புதிய கடைக்கு நேரே போட்டார்கள்.

நல்லமுத்து இன்னொரு தடவையும் கடையை நகர்த்திப் பார்த்தார். கோடும் பின்னாலேயே வந்தது. மூன்றாம் தடவை நகர்த்த வழியில்லை, கடைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். கோட்டில் விட்ட கட்டு நேரே வாய்க்காலில் போய் விழ ஆரம்பித்தது.

"ஏனுங்க ஆப்பீசரே, பேப்பர் தண்ணியில உழுகுதுங்க!" என்று நல்லமுத்து கத்துவார்.

நிரீட்சகர் குடையைச் சாய்த்துக் கோட்டைப் பார்ப்பார். "இங்கே தண்ணீர் இல்லையே" என்று மலையாளத்தில் அன்போடு சொல்வார்.

அந்த வெயில் காலம் முழுவதும் நல்லமுத்து கடையில் பேப்பரைக் கொடியில் காயப்போட்டுத்தான் படித்தார்கள். காலைச் செய்தி மத்தியானத்துக்கு மேல்தான் காயும். பரீட்சையில் ஏழாம் கேள்வி வேறு நம்பரில் வந்தது. நாங்கள் முப்பத்திரண்டு பேரும் 'நேர் கீழே' என்று எழுதினோம்.

ஆனி மாதம் முடிவு வந்தது. அந்தக் காலத்தில் பாஸானவர்களின் நம்பர் பேப்பரில்தான் வரும். அன்று காலை பஸ்ஸில் நாங்கள் பன்னிரண்டு பேரும் இருந்தோம். முடிவு நஞ்சப்பன் மடியிலேயே, சணல் கட்டுக்குள் இருந்தது. மீதியிருந்த கட்டு அது ஒன்றுதான். பிரித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பிரித்த கட்டை நிரீட்சகர் கட்டாக ஏற்கமாட்டார். கடைசி நாளில் நிபந்தனை மீறியதாக எழுதிவிட்டால் நம்பர் இருந்தும் பிரயோஜனமில்லை. வாய்க்காலில் போட்டால் மத்தியானம் வரை காய வேண்டும். மழைக்காலம் வேறு, வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். நஞ்சப்பன் கட்டோடு படிக்கு வந்தான்.

மொட்டைப் பனை போயிற்று. கடை இருந்த முதல் இடமும் இரண்டாம் இடமும் போயிற்று. எட்டிப் பார்த்தோம். கோட்டருகே நிரீட்சகர் முக்காலியிலிருந்து எழுந்து வாய்க்காலைப் பார்த்துக் குடையை ஆட்டிக்கொண்டிருந்தார். வாய்க்காலுக்குள், முழங்கால் தண்ணீரில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கமலாத்தாள் நின்றாள். இரண்டு கையையும் ஏந்தியிருந்தாள்.

"பெண்ணே, அங்கே ஏன் நிற்கிறாய்? கட்டு இங்கே விழும், இங்கே வா!" என்று அவர் கத்தியது பஸ்ஸுக்கே கேட்டது.

"உங்க கட்டு அங்க உழுகட்டுங்க" என்று அவளும் கத்தினாள். "எங்கண்ணன் போடற கட்டு இங்கதானுங்க வரும்!"

நஞ்சப்பன் கோட்டில் கையை விட்டான். கட்டு அவள் நெஞ்சில் வந்து மோதியது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பிடித்துக்கொண்டாள்.

நடுவழியில் நிறுத்தாத காளிச்சாமி நிறுத்தினார். நாங்கள் குதித்து, முன்னால் நாலடி ஓடி, பிறகு திரும்பி ஓடினோம். கமலாத்தாள் கரையில் உட்கார்ந்து சணலைப் பல்லால் கடித்து அறுத்து, விரலை வைத்து ஒவ்வொரு நம்பராகத் தேடினாள். நஞ்சப்பன் கிட்டப் போகாமல் தள்ளியே நின்றான்.

"இருக்குதுண்ணா" என்றாள்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நல்லமுத்து எல்லோருக்கும் டீ போட்டார். என் நம்பரும் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

நிரீட்சகர் ரிஜிஸ்டரோடு வந்தார். கடைசி நாள் என்பதால் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டுமாம். தேதி போட்டிருந்தார். பக்கத்தில் 'நேர் கீழே' என்று அச்சாகியிருந்தது. கமலாத்தாள் அதைப் படித்தாள். ஈரக் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்தில் பெரிதாக ஒரே ஒரு எழுத்து எழுதினாள்: 'இ'.

நிரீட்சகருக்குத் தமிழ் தெரியாது. அது அவளுடைய கையெழுத்து என்று நினைத்து, மை ஒற்றி, மேலே கவர்மெண்டு முத்திரையைக் குத்தினார்.